விரல் ஒரு சொல்லில், வாய் வேறொரு சொல்லில்

இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கணீரென்று பாடம் படிக்கிறது. ஒரு திணறலும் இல்லை. அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் அம்மாவுக்கும் திருப்தி. கிட்டே போய் உட்கார்ந்து பார்த்தால்தான் விஷயம் தெரியும். விரல் ‘மரத்தில்’ என்ற சொல்லின் மேல் நிற்கிறது. வாய் ‘கிளி ஒன்று இருந்தது’ என்று வரியை முடித்தே விட்டது. வரியின் கடைசிச் சொல்லை மட்டும் காட்டி, “இது என்ன கண்ணு?” என்று கேட்டால், பிள்ளை படத்தைப் பார்க்கிறது. அப்புறம் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பிறகு உதடு அசைய வரியை முதலிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்து, அந்த இடத்தில் நிறுத்தி, “இருந்தது” என்கிறது.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை. வகுப்பே சேர்ந்து உரக்கச் சொன்ன பாடம் காதில் பதிந்திருக்கிறது. கண் செய்ய வேண்டிய வேலையை ஞாபகசக்தி செய்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். நம் வீடுகளில் வாசிப்புச் சிக்கல் பல சமயம் மூன்றாம், நான்காம் வகுப்பு வரை வெளியே தெரியாமல் இருப்பதற்கு இந்த மனப்பாடத் திறமைதான் காரணம். பாடங்கள் நீண்டு, கணக்குகூட வாக்கியமாக வரத் தொடங்கும்போது குட்டு உடைகிறது. அதற்குள் பிள்ளைக்கு ‘சோம்பேறி’, ‘கவனமே இல்லை’ என்ற பட்டங்கள் வந்து சேர்ந்துவிடும். ஒரு டியூஷனும் சேர்ந்திருக்கும். அங்கேயும் அதே பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

மனப்பாடமா, வாசிப்பா என்று கண்டுபிடிப்பது சுலபம். படத்தைக் கையால் மறையுங்கள். வரியைப் பின்னாலிருந்து சொல் சொல்லாகக் காட்டுங்கள். அதுவும் போதாதென்றால், அர்த்தமே இல்லாத நாலைந்து சொற்களை எழுதிக் காட்டுங்கள்: ‘மபு’, ‘தெகி’, ‘லோடன்’, ‘சுணம்’. வாசிப்பு ஆய்வாளர்கள் உலகம் முழுக்க இந்தப் போலிச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். இவற்றை எந்தப் பிள்ளையும் முன்னால் கேட்டிருக்காது, ஊகிக்கவும் முடியாது. எழுத்துக் கூட்டித்தான் ஆக வேண்டும். எந்த எழுத்தில் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல்.

பேச்சை யாரும் உட்கார்த்திவைத்துச் சொல்லித்தருவதில்லை. சுற்றிலும் மனிதர்கள் பேசிக்கொண்டிருந்தால் போதும், குழந்தை பிடித்துக்கொள்ளும். வாசிப்பு அப்படி வருவதில்லை. எழுத்து என்ற ஒன்று மனிதர்களிடம் வந்து ஐயாயிரம் ஆண்டுகள் சொச்சம்தான் ஆகிறது. வாசிப்புக்கென்று மூளையில் ஒரு தனி உறுப்பு பரிணமித்து வர அந்தக் காலம் போதாது. பிரெஞ்சு நரம்பியலாளர் ஸ்டனிஸ்லாஸ் டெஹேன் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணவென்று இடது பக்க மூளையின் அடிப்பகுதியில் ஏற்கெனவே இருக்கிற இடத்தில் ஒரு சிறு பகுதியை, வாசிக்கக் கற்கும்போது நாம் எழுத்துக்கென்று ஒதுக்கிக்கொள்கிறோம் என்பது அவர் கருத்து. 2010-ல் அவருடைய குழு பிரேசில், போர்ச்சுகல் நாடுகளில் எழுத்தறிவு இல்லாத பெரியவர்களையும், வளர்ந்த பிறகு படிக்கக் கற்றவர்களையும், சிறு வயதிலேயே கற்றவர்களையும் ஸ்கேன் செய்து ஒப்பிட்டது. வாசிப்புத் திறன் கூடக் கூட, எழுத்தைப் பார்த்ததும் அந்தச் சிறு பகுதி தரும் எதிர்வினையும் கூடியது. பெரிய வயதில் கற்றவர்களிடமும் அந்த மாற்றம் இருந்தது.

ஆக, வாசிக்கும் மூளை பிறப்பில் வருவதில்லை, பயிற்சியில் உருவாகிறது. சில பிள்ளைகளுக்கு அது சீக்கிரம் உருவாகும், சிலருக்கு இழுக்கும். இழுக்கும்போது எது இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-ல் இதற்கு ஒரு கணக்கு வாய்பாடு போலவே சொன்னார்கள்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தைக் கூட்டும் திறனையும், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டினால் வருவதல்ல, பெருக்கினால் வருவது. ஒன்று பூஜ்யமாக இருந்தால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம். கதை கேட்டால் கண் விரிய உட்கார்ந்து, நூறு கேள்வி கேட்கிற பிள்ளைக்கு ‘பட்டம்’ என்ற சொல்லைப் படிக்கத் தெரியவில்லை என்றால் அதற்குத் தேவை கதை அல்ல, எழுத்து. சரளமாகக் கூட்டிப் படித்துவிட்டு “என்ன படிச்சே?” என்றால் விழிக்கிற பிள்ளைக்குத் தேவை பேச்சும் கதையும். இரண்டுக்கும் ஒரே மருந்தாக ‘இன்னொரு தடவை படி’ என்று சொல்லிப் பயனில்லை.

இனி தமிழ் எழுத்துக்கு வருவோம். வாசிப்பு பற்றிய பெரும்பாலான ஆய்வும் அறிவுரையும் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டவை. 26 எழுத்து, உருவம் குறைவு, ஒலிதான் குழப்பம். தமிழில் நிலைமை தலைகீழ். ஒலி பெரும்பாலும் ஒழுங்காக இருக்கும், உருவங்கள்தான் அதிகம். பெங்களூரில் கன்னடக் குழந்தைகளை ஆராய்ந்த சோனாலி நாக், 2007-ல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தெளிவாகக் காட்டினார்: இப்படி நிறைய உருவங்கள் கொண்ட எழுத்துமுறையைக் கற்பது முதல் வகுப்போடு முடிகிற வேலை அல்ல, நான்காம் வகுப்பு வரைகூட நீள்கிறது. தமிழுக்குக் கன்னடம் அளவுக்குக் கூட்டெழுத்துத் தொல்லை இல்லை. ஆனாலும் ‘ஒண்ணாம் வகுப்பு முடிஞ்சிடுச்சு, இன்னும் எழுத்தே தெரியலையே’ என்று பதறும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

247 என்ற எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. காலைச் சேர்த்தால் கா, சா, தா. மேலே ஒரு வளைவு போட்டால் கி, சி, தி. ஒன்றைப் பிடித்தால் பதினெட்டும் வரும். ஒழுங்கு உடைகிற இடங்களில்தான் பிள்ளைகள் விழுகிறார்கள். அந்த இடங்களைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

உகர வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். கு, சு, டு, து, பு, மு, ரு. ஒன்றில் கீழே சுழிக்கிறது, ஒன்றில் கோடாக இறங்குகிறது, ஒன்றில் பக்கவாட்டில் வளைந்து கால் சேர்கிறது. ‘உ’ சேர்ந்ததற்கு ஒரே அடையாளம் இல்லை. கூ, சூ, டூ, தூ, பூ என்று ஊகார வரிசை இன்னும் மோசம். இந்த முப்பத்தாறையும் கிட்டத்தட்ட தனித்தனி உருவங்களாகத்தான் கண்ணில் பதிய வைக்க வேண்டும். பெரியவர்களுக்கு இது மறந்தே போயிருக்கும்.

அடுத்தது கொம்பு. ‘கெ’ என்று படிக்கும்போது கண்ணுக்கு முதலில் படுவது கொம்பு. வாயில் முதலில் வர வேண்டியதோ ‘க்’. இடமிருந்து வலமாகப் போ என்று சொல்லிக்கொடுத்த பிறகு, இங்கே மட்டும் பின்னால் இருப்பதை முன்னால் சொல் என்கிறோம். ‘கொடி’யில் ஒரு பக்கம் கொம்பு, மறுபக்கம் கால், நடுவில் எழுத்து. கால் பார்ப்பதற்கு ‘ர’ மாதிரி இருக்கிறது. எனவே ‘கொடி’யைக் ‘கெரடி’ என்று படிக்கிற பிள்ளை மக்கு அல்ல. தான் கண்டதை வரிசை மாறாமல் படித்திருக்கிறது. ‘கௌதாரி’யில் வருவது ஔகாரமா, கொம்பும் ‘ள’வுமா என்பது சொல் தெரிந்தால்தான் பெரியவர்களுக்கே பிடிபடும். தாத்தா பாட்டி சொல்லிக்கொடுக்கும் வீடுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1978-ல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன்னால் படித்தவர்கள் ‘லை’, ‘னை’ போன்றவற்றை யானைத் துதிக்கை போல வளைத்து எழுதுவார்கள். பிள்ளை தன் புத்தகத்தில் காணாத எழுத்து அது. பாட்டி எழுதிக் காட்டுவதைவிடப் புத்தகத்தில் தொட்டுக் காட்டுவதே மேல்.

புள்ளி மூன்றாவது. ‘பல’ என்பதும் ‘பல்’ என்பதும் ஒரு புள்ளியில் வேறுபடுகின்றன. ‘படு’, ‘பட்டு’, ‘பாடு’, ‘பாட்டு’. ஒற்றை விட்டுவிட்டுப் படிக்கும் பிள்ளைக்கு இந்த மாதிரி ஜோடிகளாக எழுதிக் காட்டி, எது எது என்று கேட்டால் சீக்கிரம் பிடிபடும், சிரிப்பும் வரும்.

க, ச, ட, த, ப ஐந்துக்கும் இடத்துக்கு இடம் ஒலி மாறுவதைப் பற்றிப் பெற்றோர் ரொம்பக் கவலைப்படுவார்கள். ‘கல்’லில் ஒரு ககரம், ‘தங்கம்’ என்பதில் ஒன்று, ‘மகன்’ என்பதில் ஒன்று. உண்மையில் தமிழ் பேசும் பிள்ளைக்கு இது பெரிய தடை அல்ல. ‘தங்கம்’ என்பதைக் கல்லின் ககரத்தோடு வல்லென்று கூட்டிப் படித்தாலும், “வேகமாச் சொல்லு” என்றால் தெரிந்த சொல் தானாக வாயில் வந்து உட்கார்ந்துவிடும். முன்பே காதில் கேட்டுப் பழகிய சொல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறையப் பேச்சும் கதையும் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு எழுத்துக் கூட்டுவதும் எளிதாவதற்கு இது ஒரு காரணம்.

நம் வழக்கமான முறை என்ன? க, கா, கி, கீ என்று அட்டையைப் பார்த்து வரிசையாக ஒப்பிப்பது. இதில் எனக்கு நம்பிக்கை குறைவு. வரிசையாகப் பதினெட்டு மெய்க்கும் பாடிவிடுகிற பிள்ளையிடம் ‘கீ’ மட்டும் தனியாகக் காட்டினால், க-விலிருந்து பாடிக்கொண்டு வரும். இதுவும் மனப்பாடம்தான். ‘ஆனா, ஆவன்னா’ என்று எழுத்தின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதும் கூட்டுவதற்கு உதவாது. பெயரை ஒட்டினால் சொல் வராது, ஒலியை ஒட்டினால்தான் வரும். ட, ப, ம மூன்றும் ஒரு புள்ளியும் தெரிந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். ஒரு காலைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாட்டா. தெரிந்த கொஞ்சத்தைக் கொண்டு முழுச் சொல்லைப் படிக்க முடிகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்துவிட்டால், மீதி எழுத்தை அதுவே கேட்டு வாங்கிக்கொள்ளும்.

எழுத்துக்கு முன்னால் ஒலி இருக்கிறது. ‘மாடு’ என்பதில் இரண்டு துண்டு இருக்கிறது, முதல் துண்டை எடுத்தால் ‘டு’ மிஞ்சும் என்று காதால் உணர முடியாத பிள்ளைக்கு, எழுத்து எதைக் குறிக்கிறது என்பதே விளங்காது. இந்த ஒலியுணர்வு வாசிப்புக்கு எவ்வளவு முக்கியம் என்பது கடந்த நாற்பது ஐம்பது ஆண்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. இதற்குப் புத்தகமே வேண்டாம். பெரியவர்களுக்குப் புரியாமல் பேசுவதற்காக ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் ‘க’ சேர்த்து நம் பிள்ளைகள் பேசும் ‘க’ பாஷை இருக்கிறதே, அது இந்தப் பயிற்சியேதான். ‘அம்மா’ என்பதைக் ‘கஅம் கமா’ என்று சொல்ல வேண்டுமானால் சொல்லைக் காதாலேயே வெட்டத் தெரிந்திருக்க வேண்டும். கடைசி எழுத்தில் அடுத்த சொல்லைத் தொடங்கும் விளையாட்டும் அப்படித்தான். பஸ்ஸில் போகும்போது, தலை வாரிவிடும்போது விளையாடலாம். எழுத்தைக் கண்டாலே சுருங்குகிற பிள்ளைகூட இதற்கு வரும்.

ஊகித்துப் படிப்பது பற்றி ஒரு சச்சரவு உண்டு. 1967-ல் அமெரிக்கக் கல்வியாளர் கென்னத் குட்மன், வாசிப்பு என்பதே ஒரு வகை ஊக விளையாட்டு என்றார். படத்தையும் வாக்கியப் போக்கையும் வைத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கலாம் என்ற பாடமுறை அங்கே பல பள்ளிகளில் வேரூன்றியது. பிற்கால ஆய்வுகள் அதற்கு நேர்மாறாகவே காட்டின. ஊகத்தை நம்பியிருப்பது திணறும் வாசகரின் பழக்கம். நன்றாகப் படிப்பவருக்கு ஊகம் தேவைப்படுவதில்லை, கண் எழுத்தை முழுதாகப் பார்த்துவிடுகிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் இப்போது அந்த முறையைக் கைவிட்டுக்கொண்டிருக்கின்றன. நம் வீட்டிலும் “படத்தைப் பார்த்துச் சொல்லு பாப்போம்” என்பதை நிறுத்திவிடலாம். ‘குரங்கு’ என்று எழுதியிருப்பதை ‘குதிரை’ என்று படித்தால், அது முதல் எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுத் தாவியது. “முதல் எழுத்து சரி. ரெண்டாவது என்ன?” என்று விரலை அங்கே வைத்தால் போதும்.

ஆனால் ‘இருக்கிறது’ என்பதை ‘இருக்கு’ என்று படித்தால்? ‘வீட்டில்’ என்பதை ‘வீட்ல’ என்றால்? இது வேறு கதை. பிள்ளை எழுத்தைப் பார்த்திருக்கிறது, பொருளைப் புரிந்துகொண்டிருக்கிறது, தன் மொழியில் சொல்லியிருக்கிறது. இதையும் முந்தையதையும் ஒரே தவறாக எண்ணித் திட்டுவதுதான் வீட்டில் நடக்கிற பெரிய அநியாயம் என்று நினைக்கிறேன். பேச்சுத் தமிழும் எழுத்துத் தமிழும் இவ்வளவு விலகியிருப்பதால், நம் பிள்ளைகள் எழுத்தோடு ஒரு பாதி புது மொழியையும் சேர்த்துக் கற்கிறார்கள். அரபு மொழியிலும் இதே நிலைமை. இஸ்ரேலில் அரபு பேசும் மழலையர் வகுப்புகளில் தீனா ஃபெய்டல்சனும் அவருடைய குழுவும், வீட்டுப் பேச்சில் இல்லாமல் இலக்கிய அரபியிலேயே கதைகளைத் தினமும் வாசித்துக் காட்டச் சொன்னார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அது புரியாது என்பதுதான் அங்கே பரவலான எண்ணம். சில மாதங்களில் அந்தப் பிள்ளைகள், கதை வாசிப்பு இல்லாத வகுப்புப் பிள்ளைகளைவிட நன்றாகக் கேட்டுப் புரிந்துகொண்டார்கள்; கதையையும் நன்றாகச் சொன்னார்கள். ஆய்வு 1993-ல் வெளியானது. நமக்கும் வழி அதுவே: கதையை வாய்மொழியாகச் சொல்வது போக, நாளுக்கு ஒரு கதையாவது புத்தகத்தில் உள்ளபடியே வாசித்துக் காட்டுவது. ‘கூறினான்’, ‘விரைந்தது’ எல்லாம் காதுக்குப் பழகிவிட்டால் பின்னால் கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது.

ஆங்கிலவழியில் படிக்கும் பிள்ளை என்றால் சுமை இரட்டிப்பு. பதிமூன்று ஐரோப்பிய மொழிகளில் தொடக்கநிலை வாசிப்பை ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2003-ல் வந்தது. முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் பழகிய சொற்களில் 90 சதவீதத்துக்கு மேல் சரியாகப் படித்தார்கள். ஃபின்னிஷ் மொழியில் 98. ஸ்காட்லாந்தில், ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் படித்தது 34 சதவீதம். அந்தப் பிள்ளைகளுக்கே அப்படியென்றால், வீட்டில் ஆங்கிலம் பேசாத நம் யூ.கே.ஜி. பிள்ளையிடம் ஆறு மாதத்தில் சரளம் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. தமிழில் எழுத்துக் கூட்டும் சூட்சுமம் பிடிபட்டுவிட்டால் ஆங்கிலத்துக்கும் அது கைகொடுக்கும். ஒலி ஒழுங்காக உள்ள எழுத்தில் முதலில் காலூன்றுவது புத்திசாலித்தனம். பள்ளியின் அவசரம் அதை அனுமதிப்பதில்லை.

“எனக்கே சரியா படிக்கத் தெரியாது, நான் எங்கே சொல்லித்தர?” என்பது பல அம்மாக்களின் தயக்கம். லண்டனில் ஹேரிங்கே என்ற பகுதியில் 1970-களின் பிற்பகுதியில் நடந்த சோதனை ஒன்றை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். உழைக்கும் மக்களும், வேறு நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களும் வாழ்ந்த பகுதி. ஜாக் டிசார்டும் அவருடைய சகாக்களும் சில வகுப்புப் பிள்ளைகளிடம் புத்தகம் கொடுத்து, வீட்டில் பெற்றோரிடம் வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொன்னார்கள். வேறு சில வகுப்புகளுக்குத் தனியாக ஓர் ஆசிரியரை நியமித்துக் கூடுதல் பயிற்சி கொடுத்தார்கள். இரண்டு ஆண்டு நடந்தது. பெற்றோரிடம் படித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். கூடுதல் ஆசிரியர் கிடைத்த பிள்ளைகளிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை. அந்தப் பெற்றோரில் ஆங்கிலம் தெரியாதவர்கள் இருந்தார்கள், படிக்கவே தெரியாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் செய்தது உட்கார்ந்து கேட்டது.

தமிழ்நாட்டிலும் நமக்கொரு சான்று இருக்கிறது. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்த காலத்துக்குப் பிறகு, 2021-ல் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’யில் அந்தந்தத் தெருவின் தன்னார்வலர்கள் மாலையில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். கிராமப்புறத் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 19,000 குழந்தைகளைத் தொடர்ந்து சோதித்த அபிஜித் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும், இழந்த கற்றலில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் மீண்டது என்றும், அந்த மீட்சியில் சுமார் கால் பங்கு இந்த மாலை வகுப்புகளால் வந்தது என்றும் கணக்கிட்டார்கள். பெரிய படிப்புப் படித்த நிபுணர்கள் அல்ல, பக்கத்து வீட்டு அக்காக்கள்.

வீட்டில் தினம் பத்து நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் கண்ணீரில் முடியும். இருபது சொல்லில் ஒன்றிரண்டு மட்டும் தடுமாறுகிற மாதிரி எளிய புத்தகமாக எடுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டாம் வகுப்புக் கதை என்றால் தம்பி தங்கை எதிரில் கொடுக்காதீர்கள், மானப் பிரச்சினை. பிள்ளை நின்றால் உடனே சொல்லைச் சொல்லிவிடாமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து எண்ணுவதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமான வேலை. அதற்குள் வரவில்லை என்றால் எழுத்தைக் காட்டிக் கூட்டச் சொல்லுங்கள்; அப்போதும் வரவில்லை என்றால் சொல்லைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுங்கள். முடித்த பத்தியையே மறுநாளும் படிக்கட்டும், அதற்கு அடுத்த நாளும். ஒரே சிறு பகுதியைத் திரும்பத் திரும்ப வாய்விட்டுப் படிப்பதால் புதிய பகுதியிலும் வேகம் கூடுகிறது என்று ஜே சாமுவேல்ஸ் 1979-ல் எழுதினார். பெரியவர் ஒருவர் கூட இருந்து திருத்த, அப்படிப் படிப்பது பலன் தருகிறது என்பதை 2000-ல் அமெரிக்க தேசிய வாசிப்புக் குழுவும் உறுதிசெய்தது. விரல் சொல்லின் கீழேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இதுவும் மனப்பாடமாகிவிடும்.

வேகம் ஏன் வேண்டும் என்றால், மூளை ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்திருக்கக்கூடியது கொஞ்சம்தான். சைக்கிள் பழகுகிறவன் பெடலையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே வரும் மாட்டைப் பார்க்க முடியாது. எழுத்தைக் கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவானால், வரி முடியும்போது வரியின் தொடக்கம் மறந்துபோயிருக்கும். அப்படிப்பட்ட பிள்ளையிடம் “என்ன புரிஞ்சுது?” என்று கேட்டால் பதில் இருக்காது. அதே வரியை நீங்கள் வாசித்துக் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால், புத்தியில் குறையில்லை, கூட்டுவதில்தான் தாமதம்.

இவ்வளவும் செய்தும் நகராத பிள்ளைகள் உண்டு. முதலில் கண்ணையும் காதையும் சோதித்துவிடுங்கள். கரும்பலகை மங்கலாகத் தெரிவதை ஏழு வயதுப் பிள்ளை தானாக வந்து சொல்லாது; உலகமே அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். அடிக்கடி சளிபிடித்துக் காதில் நீர் கோக்கிற பிள்ளைக்கு ‘ல’வும் ‘ள’வும் ஒன்றாகக் கேட்கலாம். அதுவும் சரி என்றால், டிஸ்லெக்ஸியா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 1896-ல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பதினான்கு வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். கெட்டிக்காரன், கணக்கு போடுவான், படிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே முதல் ஆள் இவன்தான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இன்று நமக்குத் தெரிந்த டிஸ்லெக்ஸியாவின் சித்திரம் அதிலேயே இருக்கிறது: புத்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒலியையும் எழுத்தையும் இணைப்பதில்தான் சிக்கல். குடும்பத்தில் ஓடுவதும் உண்டு. அப்பாவோ அம்மாவோ சிறு வயதில் இப்படித் திணறியிருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுதல். எழுத்தைத் திருப்பி எழுதுவதை மட்டும் வைத்து முடிவுகட்டாதீர்கள், ஏழு வயது வரை பல பிள்ளைகள் அதைச் செய்யும்.

நிறக்கண்ணாடி, கண் உருட்டும் பயிற்சி என்று பணம் பறிக்கும் வைத்தியங்கள் நிறைய. இவற்றுக்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-லேயே கூட்டாக அறிக்கை விட்டார்கள். பலன் தருவது மேலே சொன்ன அதே எழுத்து-ஒலிப் பயிற்சிதான், இன்னும் நுணுக்கமாக, இன்னும் நிறைய. அப்படிப் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் மூளையில் வாசிப்புப் பகுதிகளின் செயல்பாடு மாறுவதை ஸ்கேன் ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகளைக் கேட்டு வாங்கலாம். முத்திரை விழுந்துவிடுமே என்று பயந்து பத்தாம் வகுப்பு வரை தள்ளிப்போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முத்திரை ஏற்கெனவே விழுந்துதான் இருக்கிறது, ‘மக்கு’ என்று.

ஆசிரியரைப் பார்க்கப் போகுமுன் ஒரு வேலை செய்யுங்கள். இரண்டு வாரம், பிள்ளை தப்பாகப் படித்த சொற்களைப் படித்தபடியே ஒரு நோட்டில் எழுதிவாருங்கள். பக்கத்தில் சரியான சொல். எழுதத் தெரியாவிட்டால் வீட்டில் மூத்த பிள்ளை எழுதட்டும். “படிக்கவே மாட்டேங்கிறான் மிஸ்” என்று சொன்னால் அவர் தலையாட்டுவார், வேறென்ன செய்வார்? “கொம்பும் காலும் சேர்ந்து வந்தா நிக்கிறான், புள்ளியை விட்டுர்றான், ஆனா கதை சொன்னா நல்லாப் புரியுது” என்று நோட்டைக் காட்டினால், மறுநாள் எந்த எழுத்தில் தொடங்குவது என்று அவருக்குத் தெரிந்துவிடும்.